நீலம் ஏறாதது

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி
எட்டாவது கட்டடம்.
கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து.
மலையாளம் தெரியாதவனுக்கும்
அந்த ஒரு வார்த்தை படிக்க வரும்.
அந்தப் பக்கம் குடித்தால் கேஸு.
இந்தப் பக்கம் மரவள்ளிக்கிழங்கும் மத்திக்கறியும்
கூடவே வரும்.
ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி பஸ்ஸில் பாதிப்பேர்
இறங்குவது இங்கேதான்.

மூன்றாவது மேசை ரம்மி மேசை.
மசக்காளி, கஜா மைதீன், நான்,
தோற்றால் சீட்டுக்கட்டைத் திட்டும் ஆறுச்சாமி.
அன்றைக்குப் பாதி மேசையைக் கேட்டு வாங்கி
ஒரு பெண் மைக்ராஸ்கோப்பை இறக்கினாள்.
பிரசீதா. சித்தூர் காலேஜில் லேப் வேலை
(ஆந்திராச் சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்).
கடைக்காரர் ஷாஜுவின் மச்சினி என்பதால்
யாரும் வாய் திறக்கவில்லை.

ஆறுச்சாமி மட்டும்,
"கலப்படம் புடிக்க வந்திருக்குதாட்ட."
"இல்லங்க, உங்க கிளாஸ்ல
யாரெல்லாம் இருக்காங்கன்னு பாக்க."

ஒரு சொட்டுக் கள்.
அதில் ஊசிமுனையளவு நீலச்சாயம்.
கண்ணை வைத்த மசக்காளி
வெகுநேரம் எடுக்கவில்லை.
"ஏனுங்க, இதுக குட்டி போடுதுங்க."

நானும் பார்த்தேன்.
நிறமில்லாத சின்னச் சின்ன முட்டைகள்.
ஒன்றின் விலாவில் இன்னொன்று
பிதுங்கிக்கொண்டு நின்றது,
முளைகட்டிய பயறு மாதிரி.
நடுநடுவே சில நீலம்.
செத்ததில்தான் நீலம் தங்குமாம்.
உயிருள்ளது, உள்ளே வந்த சாயத்தையும்
வெளுக்க வைத்துவிடுமாம்.

"நேத்துக் குப்பி ஒண்ணு கிடைக்குமா?"
என்று கேட்டாளே பார்க்கலாம்.
ஷாஜு யாருமே கேட்காத பதிலைச் சொன்னார்:
"அது வினாகிரிக்கு எடுத்து வச்சது."

எண்ணச் சொன்னாள். நூறில் எத்தனை நீலம்?
மசக்காளிக்குப் பதினொன்று.
மைதீனுக்குப் பத்தொன்பது.
எனக்குப் பதினாலில் கண் கலங்கிவிட்டது.
ஆறுச்சாமிக்கு நாற்பது.
எண்ணியது பாதி,
ஜெயிக்க எண்ணியது பாதி.

ரம்மிக் கணக்கெழுதிய அட்டையின் பின்பக்கம்
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.
"தப்பானதையுமா?" என்றார் மைதீன்.
"எது தப்புன்னு இன்னும் தெரியலையே."

அப்போதுதான் ஆறுச்சாமி கேட்டான்:
"தான் காச்சுனதுலயே விழுந்து சாகுதுங்களா இதுக?"

போன ஆடியில் அவன் தம்பி.
கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரி, மஞ்சள் ஏறிய கண்.
அவளுக்கு அது தெரியாது.
எங்களில் ஒருவனும் சீட்டைத் தொடவில்லை.

"அப்படியும் இருக்கலாம்.
புளிப்பு தாங்காம இருக்கலாம்,
சக்கரை தீந்து பட்டினியா இருக்கலாம்.
இந்த ஒரு சொட்ட வச்சுச் சொல்ல முடியாதுங்க."
"அப்ப, தெரியாதுங்கறீங்க."
"ஆமாங்க. தெரியாது."

ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவரும்
தெரியும் என்றே சொன்னதாக
முன்பொரு நாள் சொல்லியிருக்கிறான்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி எண்ணினான், உதடு அசைய.
கரண்ட் போனது.
மைதீன் செல்போன் வெளிச்சத்தை அடியில் பிடித்தார்.
"இருபத்திரண்டு."
நாற்பதை அடிக்கப் பேனாவை எடுத்தாள்.
"இருக்கட்டுங்க" என்றான்.

திங்கட்கிழமை காலேஜில் ஒப்படைக்க வேண்டிய பொருள்.
எடுத்துக்கொண்டு போனாள், பிறகு வரவில்லை.
அட்டை மட்டும் அரிசிக்கடைக் காலண்டருக்குக் கீழே
ஆணியில் தொங்குகிறது.

இப்போதெல்லாம் எங்கள் மேசையில்
"புதுசு ஒண்ணு" என்று யாரும் கேட்பதில்லை.
"நீலம் ஏறாதது ஒரு குப்பி."
ஆனைமலை லோடுமேன்கள்கூட அப்படித்தான் கேட்கிறார்கள்,
காரணம் தெரியாமலே.
ஷாஜுவுக்குக் கோபம், ஆனால் கொண்டுவருகிறார்.

ஆறுச்சாமி கிளாஸை
ஓட்டுச் சந்து வெயிலில் தூக்கிப் பிடிக்கிறான்.
வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது,
அது அவனுக்கே தெரியும்.
பிடித்தபடியே இருக்கிறான்.
அவன் முறை.
இறக்குடா, என்கிறோம்.