கோப்பைக்குத் தடையில்லை

பெர்கனில் மழை பெய்யாத நாளை
நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.
மீன்சந்தைக்குப் பின்னால்,
நிலத்தடிக் கார் நிறுத்தத்தின் வாயிலில்
குடையோடு நான் நின்றேன்.
போலீஸ் வந்தால் இரண்டு தடவை இருமவேண்டும்.
அவ்வளவுதான் என் வேலை.

கீழே டோருன். பதினாறு வயது.
குறுகலான பலகை, நான்கு சக்கரம்,
ஸ்வீடனிலிருந்து பனிச்சறுக்குப் பையில்
ஈரக் கையுறைகளுக்கு அடியில் வந்தது.
எங்கள் நாட்டில் அப்போது
அதை விற்பது குற்றம், வாங்குவது குற்றம்,
ஏறி உருள்வதும் குற்றம்.
மண்டை உடையும் என்றார்கள்.
பனிச்சறுக்கில் உடைந்த மண்டைகளைப் பற்றி
யாரும் பேச்செடுக்கவில்லை.

மற்றவர்கள் காட்டுக்குள் சரிவுமேடை கட்டி
பாசியைப் போர்த்தி மறைத்தார்கள்.
அவளுக்கு மேடை வேண்டாம்.
இரண்டு வோல்வோக்களுக்கு நடுவே
சிமெண்டுத் தரை போதும்.
ஆடுகிறாய் என்றால் கோபம் வரும்:
"ஆடவில்லை. இதற்கு எத்தனை பக்கம் என்று பார்க்கிறேன்."

பலகையைப் பக்கவாட்டில் நிறுத்தி
விளிம்பில் ஏறி நிற்பாள், நாரை மாதிரி.
சுண்டினால் அது காற்றில் புரண்டு
காலடிக்கு வந்து சேரும்.
வராவிட்டால் மறுபடி.
அந்தக் குளிர்காலம் முழுக்க
தூண்களுக்கு நடுவே நான் கேட்டது
அந்த மறுபடியைத்தான்.

பின்சக்கரங்களில் சுழலும்போது
என்னை எண்ணச் சொல்வாள்.
பிப்ரவரியில் ஓரிரவு நாற்பத்துமூன்று.
"நாற்பத்திரண்டு" என்றாள், தூணைப் பிடித்தபடி.
நான் எண்ணினேன், நீ சுற்றினாய்,
யார் சொல்வது சரி?
"சுற்றியவள்."

எண்பத்துநான்கில் ஹாம்பர்க்.
இரண்டு நிமிட இசை;
ஐம்பதாவது நொடியில் நாடா சிக்கிக்கொண்டது.
அவள் நிற்கவில்லை.
சக்கரச் சத்தத்தையே தாளமாக்கி முடித்தாள்.
கைதட்ட மறந்து நின்றார்களாம்.
ஐரோப்பாவில் முதலிடம்.
நான் போகவில்லை.
அங்கே இருமுவதற்கு ஆள் தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில், எல்லையில்
சுங்க அதிகாரி பையைத் திறந்தார்.
கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தார்,
அதிலிருந்த கைரேகை ஒன்றைக் கைக்குட்டையால் துடைத்தார்,
"கோப்பைக்குத் தடையில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.
பலகையை வைத்துக்கொண்டார்.
முறையாக ரசீதும் எழுதினார்:
பலகை, மரம், ஒன்று. சக்கரம், நான்கு.
அந்த ரசீதைத்தான் அவள் சட்டமிட்டு மாட்டினாள்.
கோப்பையில் சாவிகள் கிடந்தன.

இன்னும் மூன்று பட்டங்கள்.
இன்னும் இரண்டு ரசீதுகள்.
ஒருமுறை அதிகாரி தூங்கிவிட்டார்.

எண்பத்தொன்பதில் தடை நீங்கியது.
வானொலியில், வானிலைக்கு முன்னால் ஒரு வரி.
மறுவாரமே தெருவெல்லாம் பையன்கள்,
அகலப் பலகைகள், படிக்கட்டுகள், கைப்பிடிக் கம்பிகள்.
டோருன் சதுக்கத்துக்கு வந்தாள், பட்டப்பகலில்,
முதன்முறையாக நிழல் விழ நின்றாள்,
சுண்டினாள், பிடித்தாள்.
ஒரு பையன் கேட்டான், கேலியாக அல்ல:
"இதை வைத்து எதைத் தாண்டுவீர்கள்?"

தொண்ணூற்றொன்றில் கடைசிப் போட்டி.
மூன்று பேர் பதிந்தார்கள், இருவர் வந்தார்கள்,
நடுவர் ஒருவர் பாதியில் சாப்பிடப் போனார்.
அவள் வென்றாள்.
அடுத்த ஆண்டு பட்டியலில் அந்தப் பிரிவே இல்லை.
பட்டத்தை யாரும் பறிக்கவில்லை;
பறிக்க வருபவருக்கு வாசல் இல்லாமல் போயிற்று.

இப்போது லிப்ட்களைச் சோதிக்கும் உத்தியோகம்.
கம்பிவடம், பிரேக், கதவு, கையெழுத்து.
போன மாதம் அதே நிறுத்தத்தின் லிப்ட்
அவள் முறைக்கு வந்தது.
ஐம்பத்தொன்பது வயது,
வலது முழங்காலில் இரண்டு திருகாணி.
வோல்வோக்கள் நின்ற இடத்தில்
மின்சாரக் கார்கள் சத்தமில்லாமல்
ஒயரைச் சப்பிக்கொண்டிருந்தனவாம்.
பலகை கொண்டுபோனாயா என்று நான் கேட்கவில்லை.

இரவு பதினொன்றுக்குத் தொலைபேசி.
"அன்றைக்கு எத்தனை எண்ணினாய்?"
நாற்பத்துமூன்று.
மழைச் சத்தம்,
அவள் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.
"இன்றைக்கு ஆறு" என்றாள்.
"எண்ண ஆளில்லை,
ஏழென்றே வைத்துக்கொள்."