அழிப்பு மகஜர்

எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.
டோல்கேட் பக்கம் தார் போடும் வேலையிலிருந்து
என்னையும் ரோலரையும் பிரித்துக் கூட்டிவந்தார்கள்.
கல்மண்டபம் வந்துசேர ஒன்றரை மணி நேரம்.
பின்னால் வந்த பஸ்காரன்
ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.
எனக்கு வலது காது கேட்காது,
பாதி வசவுதான் வந்து சேர்ந்தது.

ஸ்டேஷன் வாசலில் பரப்பி வைத்திருந்தார்கள்,
ஏலத்துக்கு வஞ்சிரம் அடுக்குகிற மாதிரி,
வாய் ஒரு பக்கம் வால் ஒரு பக்கம்.
நூற்று நாற்பத்தாறு.
ஊர் இதற்கு வைத்திருக்கும் பேர் சைலன்சர்.
உள்ளிருந்த பஞ்சையும் தகட்டையும் உருவிப்போட்டு
வெறும் தொண்டையாக்கி விட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மைக்கைத் தட்டினார்.
மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு நூற்றுத் தொண்ணூறு, உட்பிரிவு இரண்டு.
கம்பெனி கொடுத்ததை மாற்றக் கூடாது,
மாற்றிக் கொடுக்கிறவனையும் விடமாட்டோம்,
என்று சொல்லும்போதே
துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் ஒன்று
காலி கன்டெய்னரோடு பள்ளத்தில் இறங்கி ஏறியது.
வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.
அடுத்த டிரெய்லருக்கும்.
பிறகு விட்ட இடம் மறந்து
முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு பையன் ரோலரை ஒட்டி வந்தான்.
கிளமென்ட்டாம். ஜீவரத்தினம் நகர்.
மற்றதெல்லாம் பைக், அவனுடையது கார்,
மூன்று கை மாறிய பழைய எஸ்டீம்.
ஐஸ் பேக்டரியில் பாளம் தள்ளிச் சேர்த்த காசில்
கொருக்குப்பேட்டை லேத்தில் பற்றவைத்த ரெட்டைக் குழல்.
“அத்த மட்டும் கடசியா ஏத்துண்ணா.”
ஏன்டா, என்றேன்.
“நைட்டு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிச்சு வருவேன்.
தெருமுனைல வரும்போதே
எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும், நான் வந்துட்டேன்னு.”

“ஆமா, தெரியும்,” என்றாள் பின்னால் நின்றவள்.
“எனக்குத் தெரியும், எம் புள்ளைக்கும் தெரியும்.”
பரக்கத் நிஷா. கையில் புகாரின் நகல்,
ஏழு மாதக் குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.
ரெண்டுக்கு முழித்தால் அஞ்சுக்குத்தான் அசருமாம்.
ஆறரைக்கு அவள் ஸ்டான்லி லேபில் இருக்கவேண்டும்.
பையன் குழந்தையைப் பார்த்தான்.
இதற்குமுன் பார்த்ததில்லை போல.

ஏற்றினேன்.
மெல்லிய தகடு அப்பளம். தடித்தது முனகியது.
ஏட்டய்யா சத்தம் அளக்கிற மிஷினை
விளையாட்டுக்கு என் இன்ஜின் பக்கம் நீட்டினார்.
தொண்ணூற்றாறு.
“ஒனக்கு யாருய்யா சலான் போடுறது?”
சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை,
போட்டோக்காரர்கள் இருந்தார்கள்.

ரெட்டைக் குழல் நசுங்க மறுத்தது.
உருளைக்கு அடியிலிருந்து துள்ளி
நடைபாதைக் கல்லில் மோதி
கணீரென்று ஒரு தரம்.
சத்தியமாகச் சொல்கிறேன், வலது காதில் கேட்டது.
எடுத்துவந்து போட்டார்கள்.
இரண்டாம் தரம் கோணியது.
மூன்றாம் தரம்
எது குழல் எது தார் என்று தெரியவில்லை.

அப்போது எங்கோ அந்தக் கார் உறுமியது.
எல்லோரும் திரும்பினோம்.
பையனுடைய போன்.
ரிங்டோனாக வைத்திருக்கிறான் பாவி.
ஏட்டய்யா மிஷினை நீட்டினார்:
அறுபத்திரண்டு.
“சட்டத்துக்கு உட்பட்டுதான் இருக்கு சார்.”
குழந்தை மட்டும்
கண்ணைத் திறந்து, சத்தம் வந்த திக்கைப் பார்த்து,
அழலாமா என்று யோசித்தது.

மகஜரில் சாட்சிக் கையெழுத்து கேட்டார்கள்.
‘மேற்படி பொருட்கள் இனி ஒலியெழுப்ப இயலாதபடி
என் முன்னிலையில்...’
சாட்சி ஒன்று நான். காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
சாட்சி இரண்டு அவள்,
குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு போட்டாள்.

போன் மறுபடி உறுமியது. ஐஸ் பேக்டரி.
இந்த முறை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
“தோ வந்துட்டேன்” என்றான் கிளமென்ட்,
குனிந்து, குரலே இல்லாமல்,
வேகமாக நடந்து போனான்.

எனக்கு மாலைக்குள் டோல்கேட் போய்ச் சேரணும்.
ரோலர் சூடு ஆறியிருந்தது,
நாலாம் முறைதான் பிடித்தது.
நிஷா குழந்தையின் காதைப் பொத்தினாள்.