பூஜ்ஜியத்துக்குக் கீழே

எங்கள் கணக்கில் பூஜ்ஜியம்தான் உச்சி.
அதற்கு மேல் ஒன்றுமில்லை,
வானம்கூட இல்லை.
முணுமுணுப்பு மைனஸ் நாற்பது,
பேச்சு மைனஸ் பதினெட்டு,
கோபம் மைனஸ் ஆறு.
கடனிலே பிறந்து கடனிலே வாழ்பவை
என் ஒலிகள் எல்லாம்.

டொங்காட் நகர மண்டபம். ஆனி மாதக் குளிர்.
வெளியே யாரோ கரும்புக்குத் தீ வைத்திருக்கிறார்கள்.
கறுப்புச் சாம்பல் ஜன்னல் வழியே வந்து
மிக்சர் மேல் உட்கார்கிறது.
ஊதித் தள்ளிவிட்டு ஃபேடரைத் தொடுகிறேன்.

ரங்கா மூட்லியின் தவிலுக்கு இரண்டு மைக்.
"அண்ணே, எவ்வளவு சத்தமா அடிப்பீங்களோ
அதை இப்பவே அடிச்சுக் காட்டுங்க."
அடித்தார். சிரித்தார்.
பதினான்கு வருஷத்தில்
சோதனையின்போது முழு அடி அடித்த தவில்காரரை
நான் பார்த்ததில்லை.
அவர் காட்டியதற்கு மேல்
பத்து டெசிபெல் சும்மா விட்டுவைத்தேன்,
வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பது மாதிரி.

மிக்சரில் பச்சை.
கம்ப்யூட்டரில் சிவப்பு.
இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கம்பி,
அதன் முனையில் எவனோ கூட்டிவைத்த திருகு.
தேடிக் குறைத்து
நெற்றியைத் துடைப்பதற்குள்
பெண்ணை அழைத்து வரச் சொல்லிவிட்டார் ஐயர்.

உச்சியில் மோதினால் என்ன ஆகும் என்று
முதல் கேமராவில் நிற்கும் தண்டேகா முன்பொரு நாள் கேட்டாள்.
ஜன்னலுக்கு வெளியே காட்டினேன்.
வெட்டி முடித்த தோட்டம், தோகை இல்லாமல், ஒரே மட்டமாய்.
அலையின் தலையும் அப்படித்தான் போகும்.
அப்புறம் சத்தத்தைக் குறைக்கலாம்,
குறைந்த சத்தத்திலும் தலை இல்லாமல்தான் நிற்கும்.
கரும்பாவது மறுதாம்பு விடும்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"
ஐயரின் விரல் காற்றில் சுற்றுகிறது.
மூட்லி அண்ணன் எழுந்தே விட்டார்.
இது எதற்கென்று எனக்கும் தெரியும்.
தாலி ஏறும் நேரத்தில் ஆகாத சத்தம் எதுவும்
காதில் விழக் கூடாது:
ஒரு விசும்பல், ஒரு கெட்ட சொல், ஒரு தும்மல்.
மூழ்கடிப்பது மேளத்தின் வேலை.
மூழ்காமல் பார்ப்பது என் வேலை.
மைனஸ் எட்டு. ஐந்து. மூன்று.
விட்டுவைத்த பத்தும் தீர்ந்தது.
தவிலை இழுத்தேன் கீழே.
ஐயர் துண்டில் குத்தியிருந்த மைக்கை
ஒரு நூல் மேலே.

மண்டபத்தில் முந்நூறு பேருக்கும் மேளம் மட்டுமே கேட்டது.
பெர்த்தில், லெஸ்டரில், ஆக்லாந்தின் இரவில்
போர்வைக்குள் போனை வைத்துப் பார்த்தவர்களுக்கு
மேளத்துக்கு அடியில்
கல்யாணப் பெண் கிவாஷ்னி
தும்மினாள்.

சாம்பல்தான்.
மூக்குத்திக்கு மேலே ஒரு கறுப்புத் துணுக்கு,
இரண்டாம் கேமராவில் பார்த்தேன்.
முதல் முடிச்சை இறுக்கும் கையோடு மாப்பிள்ளை
மெதுவாய், "பிளெஸ் யூ" என்றான்.
அதுவும் போயிற்று மூன்று கண்டத்துக்கு.

பந்தி முடிவதற்குள் பெர்த்திலிருந்து பெரியம்மா போன்:
"தாலி கட்டறப்போ யார் தும்மினது?"
தும்மலா, எனக்கு விழலையே என்றார் ஐயர்.
நாதஸ்வரக்காரர் பாயசத்தைப் பார்த்துக்கொண்டார்.
தவிலுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த மூட்லி அண்ணன்
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"நான் மூடி வச்சதை நீ திறந்துட்டியேம்மா."

வீட்டில், ராத்திரி, பதிவைத் திறந்தேன்.
அழித்துவிடலாம். அரை நொடி வேலை.
அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
மைனஸ் பதினொன்று. முனை முழுசாய், கூராய்.
அன்றைக்குப் பிடித்த அத்தனையிலும்
இதுதான் சுத்தம்.

பெரியம்மாவுக்குப் போகும் பிரதியில் மேளத்தை ஏற்றினேன்,
பூஜ்ஜியத்துக்கு ஒரு மயிரிழை கீழே வரை.
கிவாஷ்னியின் பிரதியில்
கை வைக்கவில்லை.