மற்றவை

நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை
வாய்க்குள் போனதையெல்லாம் சொல்லவேண்டும்.
கேட்டு எழுதுவது என் வேலை.
நதியா, இருபத்து நாலு வயது, ஏழாம் மாதம்,
ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஒன்பது.
மாங்கூழ் ஆலையில் கொட்டை பிரிக்கிற விரல்கள்
இன்னும் மஞ்சள். நகம் மட்டும் வெளுப்பு.

காலையில் களி, கொஞ்சம் கீரைக் கடைசல்.
பதினொரு மணிக்கு டீ.
மதியம் சோறு, ரசம், உடனே டீ.
"சோறு தின்ன கையோட டீயா?"
"தூக்கம் வருதுங்க மேடம். மெஷினு நிக்காது."
சாயங்காலம்?
சாயங்காலம் என்றதும்
மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த காலண்டரைப் படித்தாள்.
"வடை."
என்ன வடை?
"கறி வடை."
என்ன கறி?
"கறிதாங்க."

என் படிவத்தில் பருப்பு உண்டு, முட்டை உண்டு,
மீன், கோழி, ஆடு, தனித்தனிக் கட்டம் உண்டு.
அதற்குக் கீழே மற்றவை என்று ஒரு கோடு,
இரண்டு அங்குலம்.
"எழுதினா பேரு வருமா?"
வராது, நம்பர்தான்.
"அப்ப எழுதுங்க."

எத்தனை கிராம் என்று எழுதுவது?
பழையபேட்டையில் அதாவுல்லா கடைக்கு
சமையலறைத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
கொத்துக்கறியை உருட்டித் தட்டி
நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி வைத்தார்.
"இல்லேன்னா வேகும்போது உப்பிக்கும்."
பச்சையில் நூறு கிராம்.
கல்லில் அது பேசத் தொடங்கியது,
ரவுண்டானாவில் லாரிகள் பேசுவதைவிடச் சத்தமாக.
திருப்பி, அழுத்தி, எடுத்து வைத்தார்.
எழுபத்திரண்டு.
"மிச்சம் எங்க பாய்?"
"பாதி ஆவி, பாதி கல்லு குடிச்சிடுச்சு."

ஸ்கூட்டரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
புரதம் பதினெட்டு கிராம்.
துத்தநாகம் நாலுக்கு மேல் மில்லிகிராம்.
பி பன்னிரண்டு, ஒரு நாளைக்கு வேண்டியதில் முக்கால்வாசி.
நார்ச்சத்து பூஜ்யம்.
கொழுப்பு பதினொன்று. அதையும் எழுதினேன்,
ஒருதலையாகப் பேசக்கூடாது.
இரும்பு இரண்டு மில்லிகிராம்கூடத் தேறவில்லை.
அவ்வளவுதானா என்று கேட்பீர்கள்.
கீரையின் இரும்பு தாளில் அதிகம்தான்,
குடல் பேரம் பேசித்தான் எடுக்கும்.
இது பேரமில்லாமல் உள்ளே போகிறது,
போகிறபோது வாசலில் நிற்கிற கீரையையும்
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது.

எடை போட்டதை என்ன செய்வது?
தின்றேன்.
பச்சைமிளகாய் கொஞ்சம் கூடுதல்.

இரண்டு அங்குலத்துக்குள் பொடி எழுத்தில் எழுதினேன்:
மாட்டுக்கறி வடை, வெந்தது, எழுபத்திரண்டு கிராம்,
வாரம் மூன்று.

ஏழு வாரத்தில் ஒன்பது புள்ளி எட்டு.
இரும்பு மாத்திரையும் விழுங்கினாள்.
சோற்றுக்குப் பின் டீயை நிறுத்தினாள்.
எதனால் என்று இரத்தம் சொல்லாது,
நானும் சொல்லவில்லை.

மேலே எங்கேயோ, யாரோ
தட்டச்சு செய்தார்கள்.
கோடு குறுகலாம், எழுத்துப் பொடியாம்.
மாட்டு உதிர்ந்து காய் முளைத்து
அறிக்கையில் வந்தது காய்கறி வடை.
கிருஷ்ணகிரிக்குப் பாராட்டுக் கடிதம்.
கூடவே சுவரில் ஒட்ட ஒரு போஸ்டர்:
சிரிக்கிற கேரட்,
கையில் 'உங்கள் இரத்தத்தின் நண்பன்' என்ற பலகை.

ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்கு வந்த நதியா
அதற்குக் கீழேயுள்ள பெஞ்சில் உட்கார்ந்து
எண்ணெய் ஊறிய பேப்பரை மடியில் பிரித்தாள்.
ஒரு விள்ளல் வாயில் போட்டு
போஸ்டரை அண்ணாந்து பார்த்தாள்.
"பேரு வராதுன்னீங்களே மேடம்,
கேரட்டுக்கு வந்திருக்கே."