இறுகிய தண்டு

பனிக்காலம் முழுக்க, ஷௌலேய் நகரில்,
அடித்தள அறையில் ஒரு பழைய சைக்கிளோடு
குடித்தனம் நடத்தினேன்.
ரிமன்டாஸ் அப்படித்தான் சொன்னான்,
மாடிப்படியில் நின்று,
சூப் ஆறுகிறது என்பதையும் சேர்த்து.

பிழைப்புக்குப் பொய்ப்பல் செய்பவள் நான்.
அதே கொக்கி ஊசியால்
சங்கிலிக் கண்ணிகளில் அப்பிய கறுப்பைச் சுரண்டினேன்.
மேலே பச்சை, அதற்கடியில் செங்கல் நிறம்,
அதற்கும் அடியில்
யாரோ அவசரமாக அடித்த நீலம்.
தூரிகையின் மயிர் ஒன்று அதிலேயே ஒட்டியிருந்தது.

எல்லாம் கழன்றது.
இருக்கைத் தண்டு மட்டும் அசையவில்லை.
பதினோரு நாள்
மண்ணெண்ணெய் குடித்தது, சூடு வாங்கியது,
என் அம்மா காதில் விழக்கூடாத வசவெல்லாம் கேட்டது.
பன்னிரண்டாம் நாள்
வேரோடு கடைவாய்ப்பல் வருவதுபோல் வந்தது.

கவிழ்த்தேன்.
குழாயிலிருந்து மணல்.
ஒரு தேநீர்க் கோப்பை அளவு,
வெளுத்த, சன்னமான கடல்மணல்.
இங்கிருந்து கடல் நூற்றைம்பது கிலோமீட்டர்.
தானாகப் புகுந்திருக்க வழியில்லை.
யாரோ கொட்டி, மேலே தண்டைச் செருகியிருக்கிறார்கள்.

செய்தித்தாளில் குவித்து வைத்தேன்.
இரவெல்லாம் தூக்கமில்லை.

காலையில் தாள் மடித்துக் கிடந்தது.
வாசற்படியில் உறைபனி,
நீ விழுந்து வைக்கப் போகிறாய் என்று
அள்ளித் தூவிவிட்டானாம்.

திட்ட வாயெடுத்தேன்.
பிறகு
இருக்கையில்லாத சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு
வெளிச்சத்தில் நீலத்தைப் பார்க்க
நான்கு படியும் இறங்கினேன்.

கால் வழுக்கவில்லை.
ஒவ்வொரு படியும் நறநறவென்றது.