தொண்ணூற்றைந்து கிலோமீற்றர்

பத்தொன்பது நாள் தீவைச் சுற்றிவிட்டு
வவுனியாவுக்கு இரண்டரை மணித்தியாலம் இருக்க
உப்புவெளியில் நின்றுவிட்டது வான்.
பழுதில்லை.
டீசல் பாதிக்கு மேல் கிடக்கிறது.
ஒரு இரவு என்றுதான் சொன்னார் யேசுரட்ணம்.
இது மூன்றாவது.

இருபத்திரண்டு வருசம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வான்.
இருக்கைகளைக் கழற்றி
ஒரு அடுப்பு, ஒரு கட்டில்,
கட்டிலுக்குக் கீழே தண்ணீர்த் தாங்கி.
யன்னல் ஓரத்தில் கவராய முனையால் கீறிய
"திலக்சன் 5 B" மட்டும் போகவில்லை.
அவனுக்குப் பக்கத்தில்தான் தினமும் கண்விழிக்கிறேன்.

பகலெல்லாம் கச்சான் காற்று.
கதவைத் திறந்தால் மணல்
மிளகாய்த்தூள் போத்தலின் மூடிவரை ஏறுகிறது.
பின்னேரம் அவர் ஒரு சுருள் கச்சானோடு வருவார்.
"காத்தும் கச்சான், கடலையும் கச்சான்,
எங்கட ஆக்களுக்கு வேற சொல்லுக் கிடைக்கேல்லையோ?"
மூன்று நாளும் அதே பகிடி.
மூன்று நாளும் சிரித்தேன்.
வீட்டில் என்றால்
முதல்நாளே "கேட்டாச்சு" என்றிருப்பேன்.

வீட்டில் எங்களுக்கு ஆளுக்கொரு அறை.
நடுவில் ரீவி.
அவர் குறட்டைக்கு நான் எழும்பிப் போனேனா,
என் இருமலுக்கு அவர் போனாரா,
இரண்டு பேருக்கும் நினைவில்லை.
இங்கே
அவர் திரும்பிப் படுக்க நானும் திரும்ப வேண்டும்.
இரவில் ஏழெட்டுத் தரம்,
ஒருவரை ஒருவர் கேட்காமலே.

முந்தாநாள் கனகேஸ்வரன் போன் எடுத்தார்.
நாய் சாப்பிடுதாம். கிணற்று மோட்டர் கத்துதாம்.
"எப்ப வாறியள்?"
யேசுரட்ணம் என்னைப் பார்த்தார்.
நான் சிலிண்டரைப் பார்த்தேன்.
"காஸ் முடிய வெளிக்கிடுவம்."
அன்றிலிருந்து
சோறு ஒரு கொதி வந்ததும் அடுப்பை நிறுத்தி
மூடிவைத்து வேகவிடுகிறேன்.
காலையில் பாணும் சம்பலும்.
வெக்கைக்குச் சூடாய் ஒண்டும் இறங்காது என்று
ஒரு பொய்.

தண்ணீர் நேற்றே முடிந்திருக்க வேண்டும்.
நாற்பது லீற்றர் எத்தனை நாளுக்கு என்று
என் கைக்குத் தெரியும்.
ஆனாலும் குழாய் தாராளமாய் விடுகிறது.
இன்று விடிய முன் விழித்தேன்.
பக்கத்தில் திலக்சன் மட்டும்.
வெளியே
மாதா கோயில் குழாயடியிலிருந்து
பத்து லீற்றர்க் கானோடு,
சாரம் முழங்கால்வரை நனைய,
அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார்
அறுபத்துமூன்று வயதுக்காரர்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
என் முதுகுக்குக் கீழே
தண்ணீர் விழும் சத்தம்,
மெல்ல,
என்னை எழுப்பிவிடக்கூடாதென்று.

பத்து மணிக்குக் காஸ் முடிந்தது.
தேத்தண்ணிக்கு வைத்தது கொதிக்க முதலே
நீலம் சுருங்கி
ஒருதரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போனது.
இரண்டு பேரும் அடுப்பையே பார்த்தோம்.
ரவுனுக்கு ஒருக்கால் போய்வருவம் என்றார்.

கோட்டை வாசலடியில், வீதி முழுக்க மான்கள்.
கொம்பன் ஒன்று
வாழைப்பழத் தோலைச் சப்பி முடித்துவிட்டு
எங்கள் பம்பரை நக்கத் தொடங்கியது.
மன்னார், கற்பிட்டி, மாத்தறை, பொத்துவில்,
எல்லாக் கடலின் உப்பும் அதில் இருந்திருக்கும்.
அது நக்கி முடிக்கும்வரை
அவர் ஸ்ராட் பண்ணவில்லை.
பின்னால் ஓட்டோக்காரன் கோர்ண் அடித்தான்.
அடிக்கட்டும்.

திரும்பி வந்து
கதிரைகளை நான் மடித்தேன்.
சில்லுகளை அவர் காலால் உதைத்துப் பார்த்தார்.
நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.
கொடியில் காய்ந்த துவாயை எடுத்தபடி
என் பக்கம் பாராமல்
கடலுக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

"எங்கட வளவு வேம்புக்குக் கீழை
வான் நிப்பாட்ட இடம் காணும், என்ன?"

வேம்பிலிருந்து கிணறு,
கிணற்றிலிருந்து மதில் என்று
மனதுக்குள் அளந்து பார்த்தேன்.

"கொப்பொண்டு வெட்ட வேணும்" என்றேன்.