நிமிஷத்துக்கு இருபத்திரண்டு

ராத்திரி ரெண்டே காலுக்கு மறுபடியும்.
கழுத்தை முன்னே நீட்டி
முன்னங்கால்களை அகட்டி ஊன்றி
உள்பக்கமாகத் தும்முகிறது மிளகு.
தும்மல் வெளியேதானே போகும்?
இது உள்ளே போகிறது.
கொர்ர், கொர்ர், கொர்ரென்று
தண்ணீர் வற்றிய தொட்டியில் பம்பு இழுப்பதுபோல.
கண்ணிரண்டும் பிதுங்க என்னையே பார்க்கிறது,
நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று.

நாலு கிலோ. கறுப்பு.
பெயர் மூக்கில் ஏறிவிட்டது என்று
முதல் தடவை பிச்சாண்டி சிரித்தான்.
இப்போது அவனும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்.

ஜுஃபைரில் ஒரு வீட்டில்
ஸ்ப்ளிட் யூனிட்டைக் கழற்றப் போனேன்.
பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஒரே ஒரு வாரத்துக்கு என்று
இதைக் கையில் கொடுத்தாள் அந்த அம்மாள்.
அழுதுகொண்டே கொடுத்ததால்
ஒரு வாரமில்லை என்று புரிந்தது.

மனாமாவில் பன்னிரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்.
படியேறும்போதே சொல்லிவிடுவேன்
எந்த வீட்டுக் கம்ப்ரஸர் இந்த வாரம் நிற்குமென்று.
கேஸ் குறைந்தால் சீறல்
பேரிங் தேய்ந்தால் முனகல்.
சந்தேகமென்றால்
ஸ்க்ரூடிரைவர் முனையை இயந்திரத்தில் ஊன்றி
கைப்பிடியில் காதை வைப்பேன்.
இதன் விலாவில் வெறும் காதைத்தான் வைக்க முடிகிறது.
படபடவென்று ஏதோ ஓடுகிறது உள்ளே.
என்ன தேய்கிறதென்று தெரியவில்லை.

புதையா ரோட்டில் சூடானி டாக்டர்.
பார்க்க மட்டும் பதினைந்து தினார்.
மேஜைமேல் ஒரு தும்மல் கிடையாது.
வாலை ஆட்டிக்கொண்டு
அவருடைய கைக்கடிகாரத்தை நக்கியது.
'ராத்திரியெல்லாம் சத்தம் போட்டது,
நீ வந்ததும் நின்றுவிட்டது'
என்கிற கஸ்டமர்களை
எத்தனை வருஷமாய் நம்பாமல் சிரித்திருக்கிறேன்.
அடுத்த முறை வீடியோ எடு என்றார் டாக்டர்.
தூங்கும்போது மூச்சை எண்ணு.
முப்பதுக்குள் இருந்தால் நீயும் தூங்கு.

அடுத்த முறை இதுதான்.
கை நடுங்குகிறது, படத்தில் பாதி தரைவிரிப்பு.
மேல்கட்டிலிலிருந்து இறங்கினான் லோக் பகதூர்.
ஒன்றும் பேசவில்லை.
தொண்டையை நீவினான்,
மூக்குத் துவாரத்தை ஒரு விரலால்
ஒரு கணம் மூடினான்.
மிளகு எதையோ விழுங்கியது.
நின்றது.
அப்புறம் அறையில் எங்கள் மூன்று பேர் மூச்சுதான்
பெரிதாகக் கேட்டது.
அது தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடிப் போய்விட்டது,
ஒன்றுமே நடக்காததுபோல்.

வீடியோவை டாக்டருக்கு அனுப்பினேன்.
ஏனென்று தெரியாமல் அமலிக்கும்.

டாக்டர் விடியும் முன்பே எழுதியிருந்தார்:
தலைகீழ்த் தும்மல். பயம் வேண்டாம்.
தூசாக இருக்கலாம், ஏசி ஃபில்டரைக் கழுவு.
ஊர் ஏசியெல்லாம் கழுவுகிறவன்
ஸ்டூல் போட்டு ஏறி
எங்கள் அறை ஃபில்டரை உருவிப் பார்த்தேன்.
கம்பளிபோல் வந்தது.
பிச்சாண்டி இந்த முறை
தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தான்.

அமலியின் குரல் ஏழு மணிக்கு வந்தது.
'ஜெரினுக்கு ரெண்டு வயசுல இழுப்பு வந்துச்சே,
அச்சு அசல் இதே சத்தம்.
உங்களுக்குத் தெரியாதுல்ல.
வேலையில இருப்பீங்கன்னு போன் பண்ணல.
விடியிறப்ப சரியாப் போச்சு.
அப்புறம் சொல்ல மறந்துட்டேன்.'

அந்த வருஷம் சீஃபில் ஒரு மாலுக்கு
டக்ட் போட்டுக்கொண்டிருந்தேன்.
எத்தனையோ பேருக்குக் குளிர்ந்த காற்று.
பையனுக்கு இப்போது பதின்மூன்று,
கோல்கீப்பர்.

இன்று வெள்ளிக்கிழமை, வேலையில்லை.
கழுவிய ஃபில்டர் ஜன்னலில் காய்கிறது.
என் காலடியில் மிளகு தூங்குகிறது.
எண்ணினேன். இருபத்திரண்டு.
நம்பாமல் இன்னொரு தடவை.
பிறகு அமலியைக் கூப்பிட்டேன்.

எவ்வளவு நேரம் இருந்துச்சு?

எது?

ஜெரினுக்கு. அன்னிக்கு ராத்திரி.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
போனில் மூச்சு மட்டும் கேட்டது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.